ஜெர்மனியில் வார இறுதிப் பயணம்: திரும்பும் ரயிலிலிருந்து தொடங்குங்கள்

ஜெர்மனியில் ஒரு நாள் வெளியூர் போய்வரத் திட்டம் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது திரும்பி வரும் ரயில். எங்கே போவது, என்ன பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு. பெரிய நகரங்களுக்கு இடையே இரவு வரை ரயில் ஓடும். ஆனால் மாணவர்கள் போக ஆசைப்படும் ஏரியும் மலையும் கோட்டையும் சின்ன ஊர்களில் இருக்கின்றன. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பேருந்து மாலை ஐந்து, ஆறு மணிக்கே போய்விடலாம். ரோப் கார் அதற்கும் முன்னால் நின்றுவிடும். காலையில் உற்சாகமாகக் கிளம்பி, சாயங்காலம் ஆளில்லாத பேருந்து நிறுத்தத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உங்கள் ஊருக்கு வரும் கடைசி ரயிலைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முந்தைய ரயிலை உங்கள் ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ரயில் அவசரத்துக்கு. அந்த ரயிலைப் பிடிக்க எந்தப் பேருந்து, அந்தப் பேருந்தைப் பிடிக்க எந்தப் படகு என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்தால், காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அது பெரும்பாலும் காலை ஏழு மணியாக இருக்கும். பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தால், அந்த வாரம் பக்கத்து ஊரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் செல்லும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட்டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இதே டிக்கெட் 60 சதவீத விலையில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அப்படி இருந்தால் நீங்கள் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். தெரியாமல் இரண்டையும் வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. செமஸ்டர் கட்டண ரசீதை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். நீங்களே சந்தாவாக வாங்கியிருந்தால், ஒரு மாதத்தோடு நிறுத்த அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். 11-ஆம் தேதி செய்தால் அடுத்த மாதப் பணமும் போகும்.

இந்த டிக்கெட்டில் நாடு முழுக்க ஆர்ஈ, ஆர்பி என்ற உள்ளூர் ரயில்கள், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், ஊ-பான் என்ற சுரங்க ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாம் இரண்டாம் வகுப்பில் அடக்கம். ஐசிஇ, ஐசி, ஈசி, பிளிக்ஸ்டிரெயின் ஆகிய தொலைதூர ரயில்கள் சேராது. இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போகும்போது, அதே நிலையத்திலிருந்து ரெயில்ஜெட் என்ற சிவப்பு நிறத் தொலைதூர ரயிலும் புறப்படும், உள்ளூர் ரயிலும் புறப்படும். வேகமாகப் போகிறதே என்று ரெயில்ஜெட்டில் ஏறினால் உங்களிடம் டிக்கெட் இல்லை என்றே கணக்கு. உள்ளூர் வண்டிகளில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியில் டாய்ச்லாண்ட்டிக்கெட் செல்லும் இணைப்புகளை மட்டும் காட்டும்படி தேர்வு செய்ய வழி இருக்கிறது. அதை முதலிலேயே போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

டிக்கெட் உங்கள் பெயருக்கு உரியது, இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பரிசோதகர் கேட்டால் பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அனுமதி அட்டையோ காட்ட வேண்டும். டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக் காட்டுவது செல்லாது. செயலியிலேயே திறந்து காட்ட வேண்டும். போன் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட்டும் தீர்ந்தது மாதிரிதான். பவர் பேங்கை மறக்காமல் பையில் போடுங்கள்.

ஊரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்கள், அல்லது கூட வரும் நண்பர்களிடம் இந்த டிக்கெட் இல்லை என்றால், ஒரு மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் லேண்டர்டிக்கெட் எடுக்கலாம். அந்தந்த மாநிலத்துக்குத் தனித்தனியாக இருக்கிறது. பவேரியாவுக்கு உள்ளதை எடுத்துக்கொண்டால், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். ஆள் சேரச் சேரத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். இரண்டுமே மறுநாள் அதிகாலை 3 மணி வரை. அதனால் சனிக்கிழமை காலை ஏழு மணி ரயிலுக்கு அது ஒத்துவரும், வெள்ளிக்கிழமை ஏழு மணி ரயிலுக்கு ஒத்துவராது.

ரயிலில் ஏறிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஒரே ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும், மூன்றாகவும் பிரியும். மியூனிக்கிலிருந்து தெற்கே மலைப் பக்கம் போகும் பிஆர்பி நிறுவனத்தின் உள்ளூர் வண்டியைப் பாருங்கள். பாய்ரிஷ்செல், லெங்க்ரீஸ், டேகர்ன்சே என்று மூன்று ஊர்களுக்கான பெட்டிகள் ஒன்றாகக் கோத்துக்கொண்டு கிளம்பும். ஹோல்ஸ்கிர்ஷன் நிலையத்தில் பாய்ரிஷ்செல் பகுதி கழன்றுகொள்ளும். ஷாஃப்ட்லாக் நிலையத்தில் மீதி இரண்டும் பிரியும். டேகர்ன்சே ஏரிக்குப் போக வேண்டியவர் லெங்க்ரீஸ் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் மலையடிவாரத்தில் போய் இறங்குவார். நண்பர்கள் இரண்டு பெட்டியில் பிரிந்து உட்கார்ந்திருந்தால் இரண்டு ஊரில் இறங்குவார்கள். பிளாட்பாரத்தின் மின்பலகையில் ஏ, பி, சி என்று பகுதி எழுத்துகளும் அவற்றுக்கு நேராக ஊர்ப் பெயரும் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டிலும் உள்ளே இருக்கும் திரையிலும் அந்தப் பெட்டி போய்ச் சேரும் ஊர் எழுதியிருக்கும். ஏறும்போது அதைப் படியுங்கள். தப்பாக ஏறிவிட்டாலும் பதற்றம் வேண்டாம். பிரியும் நிலையத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும், இறங்கி முன்னாலோ பின்னாலோ ஓடிப்போய் மாறிக்கொள்ளலாம். மியூனிக்கிலிருந்து ஓபர்ஸ்ட்டோர்ஃப், லின்டாவ் பக்கம் போகும் வண்டிகள் இம்மன்ஷ்டாட்டில் பிரிவதும் இதே கதைதான்.

இன்னொரு தொல்லை தண்டவாள வேலை. வேலைகளை வார இறுதியில் வைத்துக்கொள்வது வழக்கம். சில சமயம் மாதக்கணக்கிலும் மூடுவார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் மான்ஹைமுக்கும் நடுவே உள்ள ரீட்பான் பாதையை 2024 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை முழுசாக மூடினார்கள். அப்போது ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். அதற்கு ஷீனன்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர் என்று பெயர், பலகைகளில் எஸ்ஈவி என்று சுருக்கமாக இருக்கும். அது ரயில் நிலைய வாசலில் நிற்கும் என்று உறுதி இல்லை. நிலையத்துக்குப் பின்னாலோ, இரண்டு தெரு தள்ளியோ நிற்கலாம். தேட ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ரயிலைவிட அதிக நேரமும் எடுக்கும், சைக்கிளையும் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவே செயலியில் உங்கள் பாதையைத் தேடிப் பாருங்கள். பேருந்துப் படம் வந்தால் அந்த வாரம் வேறு திசையில் போங்கள்.

இனி இடங்கள். நாட்டில் பார்ப்பதற்கு ஆயிரம் இருக்கிறது. போக்குவரத்து வகையில் புதிதாக வருபவர்கள் தடுமாறும் நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ரைன் பள்ளத்தாக்கு. கோப்லென்ஸிலிருந்து பிங்கன், ரூடஸ்ஹைம் வரை ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து போகும், திரும்பிய பக்கமெல்லாம் கோட்டை. 2002-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். ஆனால் கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையே ஆற்றின் மேல் ஒரு பாலம்கூட இல்லை. இரண்டு கரையிலும் தனித்தனி ரயில் பாதை. இடது கரையில் பொப்பார்ட், சங்க்ட் கோவார், ஓபர்வேசல், பாஹராக். வலது கரையில் பிரௌபாக், சங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், காவுப், ரூடஸ்ஹைம். ரைன் நதியின் இந்தப் பகுதியில் மேட்டில் நிற்கும் கோட்டைகளில் ஒருபோதும் இடிபடாத மார்க்ஸ்புர்க் பிரௌபாக்கில் இருக்கிறது. லோரலை பாறை சங்க்ட் கோவார்ஸ்ஹவுசன் பக்கம். இரண்டையும் பார்க்க நினைப்பவர் இடது கரை ரயிலில் ஏறினால், எதிர்க்கரையில் இருக்கும் கோட்டையை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். கரை மாற வேண்டுமென்றால் படகுத்துறை உள்ள ஊரில் இறங்க வேண்டும். சங்க்ட் கோவாருக்கும் சங்க்ட் கோவார்ஸ்ஹவுசனுக்கும் நடுவே ஒன்று, பிங்கனுக்கும் ரூடஸ்ஹைமுக்கும் நடுவே ஒன்று. படகுக்குத் தனிக் காசு. போகும்போது ஒரு கரை, வரும்போது மறுகரை என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடலாம். கோட்டைகள் எல்லாம் நீங்கள் இருக்கும் கரையைவிட எதிர்க்கரையில்தான் அழகாகத் தெரியும். ரயிலில் ஆற்றுப் பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.

இரண்டாவது பெர்ஷ்டெஸ்காடன் பக்கத்துக் கோனிக்சே ஏரி. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஃப்ரைலாசிங், அங்கே மாறி பெர்ஷ்டெஸ்காடன், பிறகு பேருந்து. ஏரியில் 1909 முதலே மின்சாரப் படகுதான், டீசல் சத்தமே இருக்காது. நடுவில் படகை நிறுத்தி, படகுக்காரர் ஊதுகொம்பு வாசித்து, பாறையில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்கவைப்பார். சங்க்ட் பார்த்தோலோமே தேவாலயத்தில் இறங்கலாம், அல்லது கடைசி வரை போய் சாலட்டில் இறங்கிச் சிறிது தூரம் நடந்து ஓபர்சே ஏரியைப் பார்க்கலாம். கவனிக்க வேண்டியது இதுதான்: பார்த்தோலோமேக்கோ சாலட்டுக்கோ சாலை கிடையாது. சுற்றிலும் செங்குத்துப் பாறை. கடைசிப் படகைத் தவறவிட்டால் நடந்து வர முடியாது. படகு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். இறங்கியவுடன் துறையில் உள்ள பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால மதியத்தில் திரும்பும் படகுக்கு நீண்ட வரிசை நிற்கும், அந்தக் காத்திருப்பையும் பேருந்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நொய்ஷ்வான்ஷ்டைன் அரண்மனை. இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-ல் கட்டத் தொடங்கியது; 1886-ல் அவர் இறந்த சில வாரங்களிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மியூனிக்கிலிருந்து ஃப்யூசன் வரை ரயில் சுமார் இரண்டு மணி நேரம், பிறகு ஹோஹன்ஷ்வாங்காவ் வரை பேருந்து. உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட், அந்த நிமிடத்துக்கு வாசலில் இல்லையென்றால் டிக்கெட் போச்சு. கீழே பேருந்து நிறுத்தத்திலிருந்து மேலே ஏற முப்பது நாற்பது நிமிடம் ஆகும். ரயில் தாமதத்தையும் சேர்த்து, ஃப்யூசன் வந்து சேரும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து டிக்கெட் போடுங்கள். அரண்மனையைப் பார்த்தபடி இருக்கும் மரியன்பாலம் போய்ப் படம் எடுப்பதை முன்னாடி வைத்துக்கொள்ளாமல் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுற்றிக்காட்டுவது அரை மணி நேரம்தான், படம் எடுக்க அனுமதியும் இல்லை. என்னைக் கேட்டால் உள்ளே போகாமல் வெளியே சுற்றி வந்தாலே இந்த இடத்தின் பெரும்பகுதியைப் பார்த்தாகிவிட்டது.

நான்காவது டிரெஸ்டன் பக்கத்து சாக்சன் சுவிட்சர்லாந்து; பெயர்தான் அப்படி, இது ஜெர்மனியில் உள்ள மலைப்பகுதி. இது எல்லாவற்றிலும் சுலபம். எஸ்1 வண்டியில் குரோர்ட் ராத்தன் நிலையத்தில் இறங்கினால், ஊர் எல்பே ஆற்றின் மறுகரையில். கம்பியில் கட்டிய படகு ஆற்றோட்டத்தின் தள்ளலிலேயே அக்கரைக்கு நகர்ந்து போகும், மோட்டார் கிடையாது. அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏறினால் மணற்கல் தூண்களுக்கு நடுவே 1851-ல் கல்லால் கட்டிய பாஷ்டை பாலம். ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரம். ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், படிகள் மழையில் வழுக்கும். தேசியப் பூங்காவில் காட்டுத்தீ பெரிய கவலை. நெருப்பும் புகைபிடிப்பதும் கூடாது.

மலை நடையில் நேரக் கணக்குத் தவறுவதுதான் ஆபத்து. மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வும் சாப்பாடும் சேராது. ஜெர்மானியர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் சமதளத்தில் 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் 300 மீட்டர் உயரம், இறக்கத்தில் 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தையும் உயரத்துக்கான நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 8 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டுக்கும் இரண்டிரண்டு மணி நேரம். ஆக ஏற 3 மணி. இறங்க, தூரத்துக்கு 2 மணி, இறக்கத்துக்கு 1 மணி 12 நிமிடம், அதில் பாதி 36 நிமிடம். ஆக 2 மணி 36 நிமிடம். மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சாப்பாட்டுக்கு ஒரு மணி சேர்த்தால் ஆறரையைத் தாண்டிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மியூனிக்கில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அப்படியென்றால் அந்த நடையைக் காலை பத்துக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். டிசம்பரில் நாலே கால், நாலரைக்கே இருட்டு. ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், அந்த மாதத்தில் இந்தப் பயம் இல்லை.

பவேரியா மலைப்பாதைகளில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். இங்கே கறுப்பு என்றால் உண்மையிலேயே பாறையைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும், ஸ்னீக்கர் போட்டுப் போகக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரத்தில் பூ பூத்திருக்கும்போதே மேலே நிழல் பக்கத்தில் பனி உறைந்து கிடக்கும். அவசர உதவிக்கு 112. நீச்சல் தெரியாதவர்கள் ஆற்றில் இறங்கவே வேண்டாம். ரைனில் கரையோரம் முழங்கால் ஆழம் போலத் தெரியும். பெரிய கப்பல் ஒன்று கடந்தால் முதலில் தண்ணீரை உள்ளே இழுத்து, பிறகு அலையாகத் திருப்பி அடிக்கும். காவலர் இருக்கும் ஏரிக்கரைகள் நிறைய இருக்கின்றன. குளிக்க அங்கே போங்கள்.

சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், சூப்பர்மார்க்கெட் உட்பட. பெரிய ரயில் நிலையத்துக் கடை, பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் பேக்கரி, இவ்வளவுதான். அரசு விடுமுறையும் இதே கணக்கு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நவம்பர் 1 பவேரியாவில் விடுமுறை, பெர்லினில் இல்லை. நீங்கள் போகிற மாநிலத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். புளிச்சாதமும் சப்பாத்தியும் ரயிலில் வைத்துச் சாப்பிட வசதி, குளிரில் கெடவும் செய்யாது. சைவம் சாப்பிடுபவர்கள் உணவகத்தில் காய்கறி சூப் என்று நம்பி வாங்க வேண்டாம், இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக்கொழுப்புத் துண்டு போடுவது வழக்கம். ஓனே ஷ்பெக், பிட்டே என்று சொல்லி வாங்குங்கள். சீஸ் சேர்த்த மாவு உணவான கேஸ்ஷ்பெட்ஸ்லே வயிற்றை நிரப்பும், ஆனால் அந்த மாவில் முட்டை உண்டு.

மலைக் குடில்களிலும் சின்ன ஊர்க் கடைகளிலும் கார்டு எடுக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. இருபது முப்பது யூரோ ரொக்கமும், கழிப்பறைக்கு ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஈ, ஆர்பி ரயில்களில் கழிப்பறை இலவசம். பெரும்பாலான எஸ்-பான்களில் கழிப்பறையே கிடையாது. காலி பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் எறிய வேண்டாம், பெரும்பாலானவற்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

எல்லை தாண்டுவதாக இருந்தால் ஒரு வார்த்தை. டாய்ச்லாண்ட்டிக்கெட் சால்ஸ்பர்க் பெரிய நிலையம் வரை செல்லும், அதற்கு மேல் ஊருக்குள் ஓடும் பேருந்துக்குச் செல்லாது. நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். ஆஸ்திரியா ஷெங்கன் நாடுதான்; ஆனாலும் 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. திரும்பி வரும்போது போலீசார் ரயிலில் ஏறிப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி அட்டை இரண்டும் அசலாக இருக்க வேண்டும்; போனில் உள்ள படம் போதாது. அனுமதி புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளை மட்டும் வைத்திருப்பவர்கள், அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாகும் வரை எல்லை தாண்ட வேண்டாம். சுவிட்சர்லாந்து பக்கம் போகிறவர்களுக்கு வேறொரு செலவு காத்திருக்கும். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அதனால் இலவச ரோமிங் விதி அங்கே பொருந்தாது. கான்ஸ்டன்ஸிலும் பாசல் பக்கத்திலும் ஜெர்மன் மண்ணில் நிற்கும்போதே போன் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் திட்டத்தில் சுவிட்சர்லாந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஊர்களுக்குப் போய் இறங்குவதற்கு முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்து, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.